டூயியை எங்கிருந்து தொடங்கலாம்? கேள்வி பதில்

அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி 1934இல் வெளியிட்ட ‘ஆர்ட் ஆஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ (கலை என்னும் அனுபவம்) நூலைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: முதல் அத்தியாயத்திலேயே திணறுகிறேன். 14 அத்தியாயங்களையும் வரிசையாகத்தான் படிக்க வேண்டுமா?

வேண்டாம். மூன்றாவதில் தொடங்குங்கள், அப்புறம் முதலாவதுக்கு வாருங்கள். 1931இல் ஹார்வர்டில் நிகழ்த்திய உரைகளிலிருந்து வளர்ந்த நூல் இது. சொன்னதையே சுற்றிச் சுற்றிச் சொல்வார், நடையும் கரடுமுரடு. நாளுக்கு ஐந்தாறு பக்கம் போதும்.

கேள்வி: ‘ஓர் அனுபவம்’ என்று அழுத்திச் சொல்கிறாரே, ஏன்?

நாள் முழுக்க நமக்கு ஏதாவது நடந்துகொண்டேதான் இருக்கிறது. பஸ் பிடிக்கிறோம், பாதிப் பேச்சில் போன் வருகிறது, எல்லாம் அரைகுறையாக நின்றுவிடுகிறது. தொடங்கி, வளர்ந்து, தானே நிறைவுக்கு வருவதைத்தான் டூயி ‘ஓர் அனுபவம்’ என்கிறார். பாரிஸ் உணவகத்தில் சாப்பிட்ட ஒரு வேளைச் சாப்பாட்டை உதாரணம் காட்டுகிறார். “அதுவல்லவா சாப்பாடு!” என்று பல வருஷம் கழித்தும் சொல்வோமே, அதுதான். கலையின் வேர் அங்கேயே இருக்கிறது என்பது அவர் வாதம். இந்த ஓர் இடம் பிடிபட்டால் பாதிப் புத்தகம் திறந்துவிடும்.

கேள்வி: அம்பேத்கரின் ஆசிரியர் டூயி இவர்தானா?

இவரேதான், கொலம்பியா பல்கலைக்கழகத்தில். ஆனால் அம்பேத்கர் அங்கிருந்து 1916இல் கிளம்பி 18 ஆண்டுகள் கழித்துத்தான் இந்த நூல் வந்தது.

கேள்வி: ஓவியக் கூடத்துக்குப் போனால் அரை மணியில் அலுத்துவிடுகிறது. எனக்கு ரசனை இல்லையோ?

அப்படி நினைக்கவே நினைக்காதீர்கள். “இது செசான், இது மத்தீஸ்” என்று ஓவியரின் பெயரைப் படித்துவிட்டு நகர்வதை ‘அடையாளம் காண்பது’ என்கிறார் டூயி. பெயர் தெரிந்ததும் கண் ஓய்ந்துவிடுகிறது. உண்மையாகப் பார்ப்பதற்குப் பார்ப்பவரும் உழைக்க வேண்டும்.

இந்த நூலை அவர் ஆல்பர்ட் பார்ன்ஸ் என்ற நண்பருக்குச் சமர்ப்பித்தார். பார்ன்ஸின் ஓவியச் சேகரிப்பு இப்போது அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இருக்கிறது. அங்கே ஓவியங்களுக்குப் பக்கத்தில் விளக்கக் குறிப்பு கிடையாது. நடுநடுவே பழைய இரும்புக் கீல்களும் பூட்டுத் தகடுகளும் தொங்கும். செசானின் சீட்டாடுபவர்கள் ஓவியங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. மூன்று பேர் ஆடுகிறார்கள், பின்னால் ஒருவர் நின்று புகைக்கிறார், அருகில் ஒரு சிறு பிள்ளை. முதலில் ஆட்களை எண்ணுவோம். பத்து நிமிடம் போனால், எல்லோரின் பார்வையும் கீழே சீட்டில் குவிந்திருப்பதும், அந்தப் பெரிய உடல்கள் மேஜையைச் சுற்றி மலைபோல அசையாமல் இருப்பதும் தெரியவரும். படம் அப்போதுதான் நமக்குள் வர ஆரம்பிக்கிறது.

அடுத்த முறை கூடம் முழுக்கச் சுற்றாதீர்கள். ஒரே ஓவியம், 15 நிமிடம்.

கேள்வி: மனத்தில் பொங்குவதை அப்படியே கொட்டினால் கலை ஆகாதா?

ஆகாது. திராட்சையைப் பிழிந்தால்தானே சாறு வரும் என்கிறார் டூயி. உணர்ச்சியும் ஒரு ஊடகத்தோடு, கல்லோ வண்ணமோ சொல்லோ, மல்லுக்கட்டித்தான் வெளிப்பாடாகிறது.

கேள்வி: அவரோடு உங்களுக்கு முரண்பாடே இல்லையா?

உண்டு. நிறைவு, ஒருமை என்று அளவுக்கு மீறி அழுத்துகிறார். முடிவில்லாமல் அறுந்து நிற்கிற கவிதையும் என்னை உலுக்கியிருக்கிறது. அதை அவருடைய சட்டகத்துக்குள் வைக்க எனக்கு இன்னும் வழி பிடிபடவில்லை.