வாய்க்கால் யார் கணக்கில்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

நான் திருப்பூரில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவுக்கு மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம். இருந்த ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு விட்டுவிட்டு முப்பது வருஷத்துக்கு முன்பு பனியன் கம்பெனிக்கு வந்தவர். குரூப் தேர்வுக்குப் படிப்பதால் திருவாரூர் மாவட்டக் கணக்கு எனக்கு மனப்பாடம்: 10 ஒன்றியம், 430 ஊராட்சி, 573 வருவாய் கிராமம், 4 நகராட்சி, 7 பேரூராட்சி.

இந்த ஆகஸ்ட் 15 அன்று ஊரில் இருந்ததால் முதல்முறையாகக் கிராம சபையில் உட்கார்ந்தேன். பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடக்காததால் தலைவர் இல்லை, அவர் இடத்தில் அரசு வைத்த தனி அலுவலர் சார்பில் வந்தவர்தான் நடத்தினார். ஒரு பாட்டி எழுந்து, "வாய்க்கா தூந்து ரெண்டு வருசமாச்சே, யாருய்யா வெட்டுவா?" என்று கேட்டார். "அது பி.டபிள்யூ.டி. பாக்குறது பாட்டி, ஊராட்சியில வராது" என்று பதில் வந்தது. அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார்கள்.

ஒரு வாய்க்காலைக்கூட வெட்ட முடியாத ஊராட்சி எதற்கு? தேர்தல் நடக்காததால் ஊருக்கு என்னதான் குறைந்துவிட்டது? அப்பாவிடம் கேட்டால் சிரிக்கிறார்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

கணக்கெல்லாம் சரிதான். ஆனால் 573-உம் 430-உம் ஏன் ஒத்துப்போகவில்லை என்று யோசித்தீர்களா? தேர்வில் அதைக் கேட்க மாட்டார்கள்.

வருவாய் கிராமம் என்பது நிலத்துக்குப் போட்ட எல்லை. வி.ஏ.ஓ., சிட்டா, அடங்கல் எல்லாம் அந்தக் கணக்கு. ஊராட்சி என்பது ஆட்களுக்குப் போட்ட எல்லை. ஓட்டு, குழாய், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை எல்லாம் இந்தக் கணக்கு. தண்ணீருக்கு இரண்டும் கிடையாது, அது ஆற்றை வைத்துப் பிரிந்தது. கூட்டுறவுக் கடன் சங்கம் தனக்கென்று வேறொரு எல்லை வைத்திருக்கிறது. ஒரு ஏக்கர்க்காரர் இந்த நாலு வரைபடத்திலும் ஒரே நேரத்தில் குடியிருக்கிறார்.

என் சித்தப்பாவுக்குத் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இரண்டு வயல். நடுவில் ஒரு வரப்புதான். ஒரு வருஷம் தை மாத மழையில் இரண்டிலும் சம்பா சாய்ந்து, கதிரிலேயே முளைத்துவிட்டது. ஒன்றுக்குக் காப்பீடு வந்தது, இன்னொன்றுக்கு ஒரு பைசா வரவில்லை. பயிர்க் காப்பீட்டில் மகசூலைக் கணக்கிடுவது வருவாய் கிராமம் வாரியாக. அந்த வரப்புதான் இரண்டு வருவாய் கிராமத்துக்கும் எல்லை என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். அறுபது வருஷம் அதில் நடந்தவர்!

இப்போது பாட்டியின் வாய்க்காலுக்கு வருவோம். மேட்டூரை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். அணையில் தண்ணீர் இல்லாவிட்டால் தள்ளிப்போகும், 2024-இல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். அந்தத் தண்ணீர் கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு என்கிற மதகில் கோரையாறு, பாமணியாறு என்று மறுபடி பிரியும். ஆற்றிலிருந்து பிரிவது ஏ வாய்க்கால். அதிலிருந்து பி, அப்புறம் சி, டி என்று இறங்கிக்கொண்டே போகும். ஆறும் பெரிய வாய்க்கால்களும் நீர்வளத் துறைக்கு. முன்பு அது பொதுப்பணித் துறையில் இருந்தது. பெயர் மாறினாலும் ஊர் வாயில் இன்னும் பி.டபிள்யூ.டி.தான். சின்ன வாய்க்கால்களை ஊராட்சி 100 நாள் வேலையில் எடுத்து வெட்டியிருக்கிறது. கடைசியில் வயலுக்குள் போகும் கன்னியைச் சொந்தக்காரர்களே வெட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே மேசையில் இருந்தவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். எந்த வாய்க்கால் என்று அவர் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. என் வருத்தம் அதில்தான்.

எங்கள் ஊரில் 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்த தலைவர் ஒரு பெண். தனித்தொகுதி. கீழத்தெருவில் அவருக்குத் தொகுப்பு வீடு. சம்பா நடவு சமயத்தில் எங்கள் ஏ வாய்க்காலை நெய்வேலிக் காட்டாமணக்கு அடைத்துக்கொண்டது. உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள், ஊதா நிறத்தில் பூ பூத்து அழகாகத்தான் இருக்கும். வேரோடு பிடுங்காமல் மேலே வெட்டிவிட்டால் பத்தே நாளில் மறுபடி தழைத்துவிடும். காலை ஆறு மணிக்கு நாலு பேர் அந்த அம்மா வாசலில் போய் நின்று கத்தினார்கள். நானும் போயிருந்தேன், பின்வரிசையில். வாய் கொப்பளித்துவிட்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். 'அது என் வாய்க்கால் இல்லை' என்று சட்டப்படி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாசன அலுவலகத்துக்கு மூன்று தடவை அலைந்தார். அங்கே நிதி வரவில்லை என்றார்கள். கடைசியில் ஏக்கருக்கு இவ்வளவு என்று வசூல் செய்து, ஜேசிபி பிடித்து, தானும் கரையில் நின்றார். மேலத்தெருவில் வசூலுக்கு அவர் தனியாகப் போகவில்லை, வார்டு உறுப்பினர் ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போனார். ஏன் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவருக்கு அதிகாரம் இருந்ததா என்று கேட்டால், கொஞ்சம்தான். காசோலையில் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் முறைத்துக்கொண்டால் தெருவிளக்குக்குப் பல்புகூட வாங்க முடியாது. பட்டியல் சாதித் தலைவர்களை முடக்க இந்த ஒரு கையெழுத்து போதும், பல ஊரில் அதுதான் நடந்தது. மேலே மாவட்ட ஆட்சியர். 1994 ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவுப்படி அவர் தலைவரைப் பதவியிலிருந்தே நீக்கலாம். ஊர் ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவரை ஓர் அதிகாரி எழுப்பிவிடலாம் என்பது எனக்கு ஒருநாளும் சரியாகப் பட்டதில்லை.

ஆனால் எங்கள் தலைவருக்கு ஒரு வாசல் இருந்தது, அங்கே போய் நின்று கத்த முடிந்தது. 2025 ஜனவரி 5-உடன் அவர்கள் பதவிக்காலம் முடிந்து, வட்டார வளர்ச்சி அலுவலர் தனி அலுவலராகிவிட்டார். உங்கள் மனப்பாடக் கணக்கையே வகுத்துப் பாருங்கள்: 430 ஊராட்சி, 10 ஒன்றியம். ஓர் அலுவலருக்குச் சராசரி 43 ஊர். அவர் நல்லவராகவே இருக்கட்டும். காலை ஆறு மணிக்கு யார் வாசலுக்குப் போவது?

இது முதல் தடவையும் இல்லை. 2016-இல் தேர்தலை நீதிமன்றம் ரத்து செய்தபின் மூன்று வருஷம் இப்படித்தான் ஓடியது. அதன் நடுவில், 2018 நவம்பர் 16 விடியற்காலையில், கஜா புயல் வந்தது. முத்துப்பேட்டை, கோட்டூர், திருத்துறைப்பூண்டி பக்கம் தென்னையும் மின்கம்பமும் குறுக்கும் நெடுக்கும் கிடந்தன. எந்த வீட்டில் ஓடு போச்சு, எந்தக் கிழவி தனியாக இருக்கிறாள் என்று தெரிந்த, கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆள் ஊருக்கு ஒருவர்கூடப் பதவியில் இல்லை. சனங்கள் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். அதிகாரியின் ஜீப் வரும் வழி ரோடுதானே.

அப்பா சிரித்ததற்கு வருகிறேன். முப்பது வருஷம் என்றால் 1995 வாக்கில் கிளம்பியிருப்பார். இங்கே 1986-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, அடுத்தது 1996-இல்தான். தலைவர் இல்லாத ஊரை விட்டுப் போனவர் அவர். அதே ஊரைப் பார்த்துவிட்டு வந்து நீங்கள் அவரிடம் கேள்வி கேட்டால் வேறென்ன செய்வார்?

பாட்டியைப் பற்றி ஒன்று. அவர் எந்தத் தெரு என்று நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஆனால் 2011 கணக்குப்படி மாவட்டத்தில் நூற்றுக்கு 34 பேர் பட்டியல் சாதியினர், தமிழ்நாட்டிலேயே அதிகம். அவர்களில் பெரும்பாலோருக்குத் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ பண்ணையாள், அதாவது பண்ணையாரிடம் அடிமைபோல் உழைத்தவர். தண்டனையாகக் குடிக்க வைத்த சாணிப்பாலும் சவுக்கடியும் கதை இல்லை. கம்யூனிஸ்ட் விவசாயத் தலைவர் பி.சீனிவாசராவ் மாதிரி ஆட்கள் ஊர் ஊராகச் சங்கம் கட்டியபின், 1952-இல்தான் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சீனிவாசராவின் நினைவிடம் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறது, அடுத்த முறை போய்ப் பாருங்கள். பண்ணை வாசலில் வாய் திறக்க முடியாதிருந்த மண்ணில், மேசை போட்டு உட்கார்ந்திருப்பவரை ஒரு கிழவி "யாருய்யா வெட்டுவா" என்று கேட்கிறார். நீங்கள் பதிலைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். கேள்வியையும் குறித்துக்கொள்ளுங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்றும் பாருங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிற கூட்டத்தில் பல கேள்விகள் ஏறாமலே போய்விடும்.

அடுத்த சபை அக்டோபர் 2. அதற்குமுன் அந்தப் பாட்டிக்கு ஒரு போன் போடுங்கள். வாய்க்காலின் பெயர், எந்த ஆற்றில், எந்த மதகில் பிரிகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். மதகு திறக்கிற லஸ்கர் யார் என்றுகூடச் சொல்லுவார். ஏ-யா, பி-யா, அதற்கும் கீழேயா என்று எனக்கு எழுதுங்கள். மனுவை எந்த அலுவலகத்துக்குப் போடுவது என்று சொல்கிறேன்.