வாசகர் கேள்வி: மலாக்காவின் சிவப்பு மாளிகை

கேள்வி: சிங்கப்பூரில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். மலேசியாவில் இருக்கும் மலாக்காவுக்கு ஒருநாள் போய்வரலாம் என்கிறாள். அங்கே டச்சு கவர்னர் இருந்த சிவப்புக் கட்டடத்துக்குள் டிக்கெட் வாங்கிப் போவது தண்டச் செலவு, வெளியே போட்டோ எடுத்தால் போதும் என்கிறார் மருமகன். அப்படியா? அப்புறம், ‘மலாக்கா செட்டி’ என்கிறார்களே, அவர்கள் எங்கள் பக்கத்து நகரத்தாரா (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களா)?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: முதல் தடவை போனபோது நானும் உங்கள் மருமகன் கட்சிதான். வாசலில் பொம்மையும் பிளாஸ்டிக் பூவும் கட்டி, பாட்டை அலறவிட்டபடி டிரைஷாக்கள், அதாவது சைக்கிள் ரிக்‌ஷாக்கள் நிற்கும், வெயில் மண்டையைப் பிளக்கும், நாலு போட்டோ எடுத்துவிட்டு நடையைக் கட்டினேன். அடுத்த தடவைதான் உள்ளே போனேன். போங்கள், கட்டாயம் போங்கள்.

போர்ச்சுக்கீசியரிடமிருந்து 1641-இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் 1650 வாக்கில் கட்டியது இந்த ஸ்டாட்ஹூய்ஸ். நகர மன்றம் என்று அர்த்தம். கவர்னரின் வீடும் அலுவலகமும் இதுதான். 1982 முதல் மியூசியம். காட்சிப் பொருட்களில் டச்சு நாற்காலி மேசைகளும் கல்யாண உடுப்புகளும் நன்றாக இருக்கும், வரலாற்றுப் படங்கள் வரிசையாக மாட்டிய அறைகளை வேகமாகக் கடந்துவிடலாம், தப்பில்லை. நான் நின்று பார்த்தது கட்டடத்தைத்தான். கனத்த சுவர், பெரிய மரக்கதவு, அதைத் தாங்கும் இரும்புக் கீல். அந்தக் கீலைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், நம்மூர்ப் பெரிய வீட்டுக் கதவு நினைவு வரும்.

சிவப்பைப் பார்த்து டச்சுக்காரர் ரசனை என்று நினைத்துவிடாதீர்கள், அவர்கள் காலத்தில் இது வெள்ளை. சிவப்பு பூசியது பின்னால் வந்த ஆங்கிலேயர். வெற்றிலை போட்டவர்கள் வெள்ளைச் சுவரில் துப்பித் துப்பி, சுத்தம் செய்து மாளாமல் சிவப்பே அடித்துவிட்டார்கள் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, நம்மவர்கள் சுவர்களைப் பார்த்த எனக்குச் சந்தேகம் வரவில்லை.

செட்டி விஷயம்: இல்லை, அவர்கள் வேறு. நகரத்தார் வட்டித் தொழிலுக்காக அங்கே போனது 19-ஆம் நூற்றாண்டில். மலாக்கா செட்டிகளின் முன்னோர் சுல்தான்கள் காலத்திலேயே, அதாவது 1511-இல் போர்ச்சுக்கீசியர் ஊரைப் பிடிப்பதற்கு முன்பே வணிகத்துக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது நம் சாமி. டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் 1781-இல் அவர்கள் கட்டிய பொய்யாத விநாயகர் கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது, நிர்வாகம் மட்டும் இப்போது உங்கள் நகரத்தார் கையில். மியூசியத்திலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் நடந்தே போய்விடலாம். மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கும் என்றால் பிள்ளையாரை முதலில் பார்த்துவிடுங்கள்.