பல் கம்பி போட்டவர்களுக்குச் சொத்தை வராமல் நானோ துகள்கள் தடுக்குமா?

ஓரளவு தடுக்கும், ஆனால் அதை மட்டும் நம்பிப் பல் துலக்குவதைக் குறைத்துவிடாதீர்கள்.

சிக்கலான இடம் பிராக்கெட்டை (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு) சுற்றியுள்ள பசை விளிம்பு. பிரஷ் அங்கே சரியாக எட்டாது. படிந்த பாக்டீரியா சர்க்கரையை அமிலமாக்கும். பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல் அடுக்கான எனாமல் கரையத் தொடங்கும். ஒரே மாதத்தில்கூட சொத்தையின் முதல் அறிகுறியான வெள்ளைத் திட்டு தெரியலாம்.

அதனால்தான் ஒட்டும் பசையிலேயே வெள்ளி, துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு ஆகியவற்றின் மிக நுண்ணிய நானோ துகள்களைக் கலந்து சோதிக்கிறார்கள். வெள்ளி அயனி பாக்டீரியாவின் செல் சவ்வைச் சிதைக்கும். இங்கே அளவுதான் சூட்சுமம். துகள் அதிகமானால் திரண்டு கட்டியாகும், பசையை இறுக வைக்கும் ஒளி உள்ளே போகாது, பசை முழுதாக இறுகாது, பிராக்கெட் கழன்று வரும். பசையின் பிடிப்பு 6 முதல் 8 மெகாபாஸ்கலாவது (ஒட்டு வலிமையை அளக்கும் அலகு) வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. வெள்ளி கூடினால் பசை கருக்கவும் செய்யும்.

இன்னொன்று: நல்ல முடிவுகளில் பெரும்பகுதி ஆய்வகத்தில் கிடைத்தவை. வாயில் எச்சில் படலம் பசையை மூடிவிடும். அயனி வெளியேறுவதும் நாளாக நாளாகக் குறையும். சிகிச்சையோ ஒன்றரை, இரண்டு வருடம் நீளும்.

எனவே 1000 பிபிஎம் ஃப்ளூரைடு பேஸ்ட்டால் தினமும் இருமுறை துலக்குங்கள், துப்பிவிட்டு வாய் கொப்பளிக்காதீர்கள். கம்பிக்கு அடியில் இடைப்பல் பிரஷ் விடுங்கள். வேறொரு நேரத்தில் 0.05% சோடியம் ஃப்ளூரைடு மவுத்வாஷ் ஒரு நிமிடம். ஃப்ளூரைடு வார்னிஷ் பூசலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.