விழப் பயந்த கால்கள்

கேள்வி: நான் மெல்போர்னில் வசிக்கிறேன், வயது 33. தோழி ஒருத்தி அழைத்துப் போனதால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ரோலர் டெர்பி அணி ஒன்றில் சேர்ந்தேன், பிளாக்கராக ஆடுகிறேன். முதல் ஆண்டில் பயிற்சி நாள் எப்போது வரும் என்று காத்திருந்தவள், இப்போது அந்த நாள் வந்தாலே சாக்குத் தேடுகிறேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் போட்டிக்கான 15 பேர் பட்டியலில் இடம்பிடித்துவிட்டார்கள். நடுவில் கணுக்கால் சுளுக்கி மூன்று வாரம் ஓய்விலும் இருந்தேன். அணிக்காகவாவது முன்னேற வேண்டும் என்று மனம் சொல்கிறது, ஆனால் காரை எடுக்கக் கை வருவதில்லை. அடுத்த தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கிறது. ஊக்கத்தை எப்படி மீட்பது? பி.கு.: சேர்ந்தபோது வாங்கிய முழங்கால் கவசத்தையே இன்னும் அணிகிறேன், மாற்ற வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, பின்னால் வந்தவர்கள் முந்திவிட்ட வருத்தம்தான் கண்ணில் பட்டது. இரண்டாம் முறை படிக்கும்போதுதான், கணுக்கால் சுளுக்கை நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது உறைத்தது. சாக்குத் தேடத் தொடங்கியது அந்தச் சுளுக்குக்கு முன்பா, பின்பா என்று யோசித்துப் பாருங்கள். பின்பு என்றால் (என் ஊகம் அதுதான்), ஊக்கம் குறைந்துவிட்டதாக நீங்கள் நினைப்பதில் பெரும்பகுதி பயம். பயத்துக்குச் சோம்பல் என்று பெயர் வைத்துக்கொண்டு தன்னைத்தானே திட்டிக்கொள்வது நம்மில் பலருக்கும் உள்ள பழக்கம்.

இந்த ஆட்டத்தை அறியாத மற்ற வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இரண்டு வரிசையாக நான்கு சக்கரங்கள் கொண்ட ஸ்கேட்டுகளை அணிந்து, நீள்வட்டத் தடத்தில் அணிக்கு ஐவராக இரண்டு அணியினர் ஆடுவது ரோலர் டெர்பி. ஒவ்வோர் அணியிலும் ஹெல்மெட் உறையில் நட்சத்திரம் அணிந்த ஒருவர் ஜாமர். மற்ற நால்வரும் பிளாக்கர்கள். பிளாக்கர்களின் கூட்டத்தை ஒருமுறை கடந்து சுற்றி வந்த பிறகு, ஜாமர் முந்திச் செல்லும் ஒவ்வோர் எதிரணி பிளாக்கருக்கும் ஒரு புள்ளி கிடைக்கும். அதிகபட்சம் இரண்டு நிமிடம் நீடிக்கும் இந்த ஓட்டத்துக்கு ஜாம் என்று பெயர். 30 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளில் ஜாம்கள் அடுத்தடுத்து நடக்கும். எதிரணி ஜாமரைத் தோளாலும் இடுப்பாலும் தடுத்து நிறுத்துவதும், அதே நேரத்தில் தம்முடைய ஜாமருக்கு வழி திறந்துவிடுவதும் பிளாக்கர்களின் வேலை. இவ்வளவு உழைத்தாலும் புள்ளிப் பலகையில் அவர்களுடைய பெயருக்கு நேராக எதுவும் ஏறுவதில்லை. அதில் ஏறுவதெல்லாம் ஜாமரின் கணக்கு.

நானும் ஏழு ஆண்டுகள் பிளாக்கராக ஆடியவள். மணிக்கட்டு முறிந்து குணமாகித் திரும்பிய பருவத்தில், உங்களைப் போலவே பயிற்சி நாள்களில் எனக்குத் தவறாமல் தலைவலி வந்தது. ஒரு மாலை, சுவரில் என் பக்கத்தில் நிற்கும் தோழி (மூவர் நால்வர் இடுப்போடு இடுப்பு ஒட்டி நிற்பதைச் சுவர் என்றுதான் சொல்வோம்) தன் கைபேசியில் எடுத்திருந்த காட்சியைக் காட்டினாள். நன்றாகக் குனிந்து, முழங்காலை மடக்கி நிற்பதாகத்தான் அதுவரை எண்ணியிருந்தேன். காட்சியிலோ, மற்ற மூவரும் நாற்காலியில் உட்காருவதைப் போலத் தாழ்ந்திருக்க, நான் மட்டும் பேருந்துக்குக் காத்திருப்பவளைப் போல விறைத்து நின்றுகொண்டிருந்தேன். ஜாமர் என்னருகில் வரும் ஒவ்வொரு முறையும் அரை அடி விலகினேன்; அந்த அரை அடி அவளுக்குப் போதுமானதாக இருந்தது. கபடியில் சங்கிலி கோத்து நிற்கும் இருவரில் ஒருவரின் பிடி தளர்ந்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும் ஆனது.

விழ அஞ்சும் உடல் தானாகவே நிமிர்ந்துகொள்கிறது. நிமிர நிமிர அதன் எடை மேலே ஏறி, இலேசான இடியிலும் அதை எளிதாகச் சாய்த்துவிட முடிகிறது. விழுந்தால் பயம் இன்னும் கூடும். இந்தச் சுழலில் சிக்கியவரிடம் ‘மனத்தைத் திடப்படுத்திக்கொள்’ என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சேர்ந்த புதிதில் உங்களுக்கு முதலில் கற்பித்ததையே மறுபடியும் தொடங்குங்கள்: விழுவது. அதற்கு முன் பிசியோதெரபிஸ்டைப் பார்த்து, கணுக்கால் முழுமையாகத் தேறிவிட்டதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வலி நின்றதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாமே தீர்ப்பளித்துக்கொள்வது நல்லதல்ல. அவர் சரி என்ற பிறகு, பயிற்சி தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய், மெதுவாகச் சறுக்கியபடி ஒரு முழங்காலைத் தரையில் தட்டி எழுங்கள். பிறகு மற்றொரு முழங்கால், பிறகு இரண்டும். மற்றவர்களின் சக்கரம் ஏறிவிடாதபடி விரல்களை மடக்கி முட்டியாக வைத்துக்கொண்டு, மூன்று எண்ணுவதற்குள் எழுந்துவிட வேண்டும். இரண்டு வாரம் இதைச் செய்தால், விழுவது மறுபடியும் ஒரு சாதாரண அசைவாகிவிடும் என்பது என் அனுபவம்.

அடுத்தது, பின்னால் வந்து முந்தியவர்களைப் பற்றி. முதல் ஆண்டில் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். ஐந்து நிமிடத்தில் 27 சுற்று, அதாவது சுற்றுக்கு ஏறத்தாழ 11 நொடி, என்ற அளவுகோல் புதியவர்களுக்கு நெடுங்காலம் இருந்தது. 22 சுற்று ஓடியவர் 24 ஓடினால் எல்லாரும் கைதட்டுவார்கள். இரண்டாம் ஆண்டில் கற்க வேண்டியவை, ஜாமரின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று படிப்பது, பக்கத்தில் நிற்பவளின் இடுப்பின் அழுத்தத்தை வைத்தே இடைவெளியை உணர்வது போன்றவை. இவற்றுக்கு யாரும் கைதட்டுவதில்லை. ஆகையால் உங்களுக்கென்று ஓர் எண்ணை நீங்களே உண்டாக்கிக்கொள்ளுங்கள். அணிக்குள் நடக்கும் பயிற்சி ஆட்டத்தில், வெளியே உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம், ஜாமர் உங்களைத் தொட்ட நொடியிலிருந்து உங்களைக் கடக்கும் வரை எண்ணச் சொல்லுங்கள். இன்று நான்கு நொடி என்றால் அடுத்த வாரம் ஐந்துக்கு முயலுங்கள். பயிற்சியாளரிடமும் ‘என்னை ஏன் எடுக்கவில்லை’ என்று கேட்காமல், ‘பட்டியலில் வர நான் திருத்த வேண்டிய ஒன்றைச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஆறுதல்தான் பதிலாகக் கிடைக்கும்.

‘அணிக்காகவாவது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அணி என்பது மிகப் பெரிய சொல். வேலை முடிந்து களைத்து வரும் மாலையில் அது யாரையும் சோபாவிலிருந்து எழுப்பாது. உங்கள் ஊரின் விக்டோரியன் ரோலர் டெர்பி லீக் 2017இல் சர்வதேசச் சாம்பியன் பட்டத்தை வென்று, அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து அதை வென்ற முதல் அணியானது. அத்தகைய பெருமை பக்கத்திலேயே இருப்பது சில நாள் உற்சாகமாகவும் சில நாள் பாரமாகவும் இருக்கும். என்னைக் காரில் ஏற்றியது அதைவிடச் சிறிய விஷயம்: மேற்சொன்ன தோழி ஆறே முக்கால் மணிக்கு வாகன நிறுத்தத்தில் ஸ்கேட் பையை மடியில் வைத்துக்கொண்டு எனக்காக உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்பு. சுவரில் உங்கள் இடப்பக்கம் அடிக்கடி நிற்பவர் யாரோ, அவரிடம் இந்த ஆறு வாரத்துக்கு மட்டும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் கால் வரவில்லை என்றால், ஒரு மாதம் ஸ்கேட்டைக் கழற்றிவைத்துவிட்டு, புள்ளி குறிப்பவராகவோ தண்டனை நேரம் பார்ப்பவராகவோ உதவுங்கள். 2001இல் டெக்சாஸின் ஆஸ்டினில் இந்த ஆட்டம் மறுபிறவி எடுத்ததிலிருந்து பெரும்பாலான லீகுகளை ஆடுபவர்களே நடத்துகிறார்கள். அத்தகைய கைகள் இல்லாமல் எந்தப் போட்டியும் நடக்காது. தடத்தின் நடுவில் நின்று பார்க்கும்போது, ஆடும்போது பிடிபடாத பல விஷயங்கள் பிடிபடும். அதை விலகல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முழங்கால் கவசத்தை மாற்ற வேண்டுமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டும். வாரம் இரண்டு பயிற்சி என்று இரண்டு ஆண்டு உழைத்த கவசத்தில் உள்ளே இருக்கும் பஞ்சு தட்டையாகியிருக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், ஓடு தட்டுப்பட்டால் அதற்கு வேலை முடிந்துவிட்டது என்று பொருள். விழுந்து பழகத் தொடங்குவதற்கு முன் புதியது வாங்கிவிடுங்கள்.