சீட்டில் வந்த சினிமாக் கேள்விகள்

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்தில் தமிழ்ப் படங்கள்மேல் ஆசை கொண்ட பதினைந்து, இருபது பேர் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் கூடிப் படம் பார்க்கிறோம். போன முறை வந்தவர்களும், வர முடியாதவர்களும் தங்கள் கேள்விகளைச் சீட்டில் எழுதி முறுக்கு டப்பாவில் போட்டிருந்தார்கள். நாற்பது ஆண்டுகளாக விடாமல் படம் பார்ப்பவள் என்பதால் பதில் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. எல்லாம் என் சொந்தக் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் அடுத்த கூட்டத்தில் சண்டைக்கு வாருங்கள், காத்திருக்கிறேன்.

அக்கா, மகள் தொடக்கநிலை ஐந்து, மகன் இரண்டு. தமிழ்ப் படம் போட்டால் கீழே ஓடும் ஆங்கில வரிகளையே படிக்கிறார்கள். காதில் தமிழ் விழுவதே இல்லை. எந்தப் படத்தைக் காட்டுவது? – ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஓர் அம்மா

முதலில் அந்த வரிகளை மறையுங்கள் அம்மா. படம் எது என்பதைப் பிறகு பேசலாம்.

என் மகளும் இப்படித்தான் இருந்தாள். நகைச்சுவைக் காட்சியில் நடிகர் வாயைத் திறப்பதற்குள் சிரித்துவிடுவாள். வரியை அதற்குள் படித்து முடித்திருப்பாள். அதைக் கண்டுபிடித்த நாளன்று எனக்கு நெஞ்சு வலித்தது. தேக்கா மளிகைக் கடையில் கொடுத்த பழைய நாட்காட்டியின் அட்டையை நான்கு விரல் அகலத்துக்கு வெட்டி, தொலைக்காட்சியின் அடிப்பகுதியில் ஒட்டினேன். முதல் கால்மணி நேரம் அழுகை. இருபதாவது நிமிடத்தில், "அம்மா, அவன் இப்போது என்ன சொன்னான்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் போதும். படத்தை நிறுத்துங்கள், சொல்லுங்கள், மறுபடி ஓட விடுங்கள். இரண்டு மணி நேரப் படம் மூன்று மணி நேரம் ஆகட்டும். இப்போது இணையத்தில் பார்ப்பவர்களுக்கு அட்டைகூடத் தேவையில்லை, ஒரு பொத்தானை அழுத்தினால் வரிகள் போய்விடும்.

படம் என்று கேட்டால், மணிகண்டன் இயக்கிய 'காக்கா முட்டை'. சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது பெற்றது. பீட்சா சாப்பிட ஆசைப்படும் இரண்டு குடிசைப் பகுதிச் சிறுவர்களின் கதை. பேரப்பிள்ளைகளின் ஆசையைக் கேட்ட பாட்டி, தோசைமேல் காய்களைப் பரப்பி, "இதுதான் பீட்சா" என்று வீட்டிலேயே செய்து கொடுப்பாள். பிள்ளைகள் அதை வாயில் வைத்துவிட்டு விழிக்கும் விழி இருக்கிறதே, அதற்கு எந்த மொழியிலும் வரி தேவையில்லை. சென்னைப் பேச்சு உங்கள் பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்கும். இருக்கட்டும். தமிழுக்குப் பல குரல்கள் உண்டு என்று எட்டு வயதிலேயே தெரிவது நல்லது.

நம் ஊர்ப் பேச்சைக் கேட்க வசந்தம் ஒளிவழியின் நாடகங்கள் இருக்கின்றன. மீவாட்ச் இணையத்தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். வீவக அடுக்குமாடி வீடுகளின் தாழ்வாரத்திலும் காப்பிக்கடையிலும் நடக்கும் கதையைத் தமிழில் கேட்கும் பிள்ளைக்கு, தமிழ் என்பது தாத்தா பாட்டியின் ஊர் மொழி மட்டும்தான் என்ற எண்ணம் வராது. மகளுக்கு அடுத்த ஆண்டு வாய்மொழித் தேர்வு வருகிறது. அதில் காணொளியைக் காட்டித்தான் உரையாடச் சொல்கிறார்கள். ஆனால் தேர்வுக்காகப் படம் காட்டுகிறோம் என்று மட்டும் பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள், ஆசை அன்றோடு போய்விடும்.

அப்பாவுக்கு 88 வயது. சிவாஜி ரசிகர். எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டேன், வசனம்கூட மனப்பாடம் என்கிறார். அவருக்கு எதைப் போடுவது? – தோ பாயோவிலிருந்து ஒரு மகன்

'அந்த நாள்' பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள் தம்பி. சிவாஜி ரசிகர்களிலேயே பலர் அதைத் தவறவிட்டிருக்கிறார்கள். 1954-இல் வந்தது, இயக்கம் எஸ். பாலச்சந்தர். பாட்டே கிடையாது. ஒரு படத்தில் பத்துப் பாட்டுக்கு மேல் இருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை உங்கள் அப்பா உங்களுக்கு விளக்குவார். 1943-இல் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசிய மறுநாள், ஒரு வானொலிப் பொறியாளர் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். யார் சுட்டது? ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். சிவாஜி இதில் நல்லவராக வரவில்லை, அதுதான் சுவை.

இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் அப்பா ஜப்பானியர் ஆட்சியில் இங்கே சிறுபிள்ளையாக இருந்திருப்பார். படம் முடிந்ததும் உடனே எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். என் தாயார் அந்தப் படம் பார்த்த இரவில்தான் மரவள்ளிக்கிழங்கு தின்று வளர்ந்த கதையை முதன்முறையாக முழுவதும் சொன்னார். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவுக்குத் தயாராக இருங்கள்.

மகனுக்கு 15 வயது. என்சி16 படத்துக்கு நான் கூட வந்தால் விடுவார்களா? – பிடோக்கிலிருந்து

விடமாட்டார்கள். என்சி16, எம்18, ஆர்21 மூன்றும் வயதுக் கட்டுப்பாடு, எண்தான் குறைந்தபட்ச வயது, பெற்றோர் உடன் வந்தாலும் அனுமதி இல்லை. பிஜி13 வெறும் அறிவுரை, அது 2011-இல் வந்தது. இந்தியாவில் பெற்ற சான்றிதழை இங்கே கணக்கில் எடுக்காதீர்கள். இங்குள்ள வகைப்பாடு தனி, டிக்கெட் வாங்குமுன் பாருங்கள்.

நான் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன். ஊர் சிவகங்கை பக்கம். ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. அறையில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு கைத்தொலைபேசியில் பார்க்கிறோம். சண்டைப் படம் அலுத்துவிட்டது. ஒரு நல்ல படம் சொல்லுங்கள் அக்கா.

தம்பி, உங்கள் சீட்டைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன்.

'கடைசி விவசாயி' பாருங்கள். 2022-இல் வந்தது, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. மாயாண்டி என்ற முதியவராக நடித்த நல்லாண்டி, தொழில்முறை நடிகர் அல்லர், உண்மையான விவசாயி. படம் வெளிவரும் முன்பே காலமாகிவிட்டார். குலதெய்வத்துக்குப் படைக்க ஒரு மரக்கால் நெல் வேண்டும், ஊரில் இன்னும் உழுதுகொண்டிருப்பவர் அவர் ஒருவர்தான். நாற்று வளர்கிற நேரத்தில், மயிலைக் கொன்றதாக அவர்மேல் வழக்கு. காவலில் இருக்கும் கிழவருக்குத் தன்னைப் பற்றிக் கவலையே இல்லை, பயிருக்கு யார் தண்ணீர் விடுவார்கள் என்பதுதான் கவலை. அதை அவர் நீதிபதியிடம் சொல்லும் விதம் இருக்கிறதே, குரலை உயர்த்தமாட்டார், கெஞ்சமாட்டார். உங்கள் ஊரில் அப்படி ஒரு பெரியவரை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். உங்கள் அறையில் எட்டுப் பேரில் ஆறு பேர் வீட்டிலாவது வயல் இருந்திருக்கும், இல்லாவிட்டால் விற்ற வயல் இருக்கும். படம் மெதுவாகப் போகும். முதல் அரைமணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டுப் பேருக்கு ஒரு கைத்தொலைபேசி என்றால், நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆளுக்கு இரண்டு வெள்ளி போட்டு ஒரு சின்ன ஒலிபெருக்கி வாங்குங்கள். படம் சிறிதாக இருந்தால் கண் பழகிக்கொள்ளும். சத்தம் சரியில்லாவிட்டால் அந்தக் கிழவரின் முணுமுணுப்பு போய்விடும், படமும் போய்விடும். அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான். எட்டுப் பேரும் வாருங்கள். பெரிய திரையில் பார்க்கலாம், சாப்பாடு எங்கள் பொறுப்பு.

சிங்கப்பூரைக் காட்டும் தமிழ்ப் படங்களில் எது உங்களுக்குப் பிடிக்கும்? – உட்லண்ட்ஸிலிருந்து ஓர் ஆசிரியர்

'பிரியா' (1978), 'நினைத்தாலே இனிக்கும்' (1979) இரண்டையும் பழைய சிங்கப்பூரைப் பார்ப்பதற்காகவே பலமுறை பார்த்திருக்கிறேன். சுஜாதாவின் 'பிரியா' நாவல் லண்டனில் நடக்கும், படத்தில் அதை இங்கே கொண்டுவந்தார்கள். கதையை விட்டுவிட்டுப் பின்னணியைப் பாருங்கள். சாலை, கார், கட்டடம், நடந்துபோகிறவர்களின் உடை! ஆனால் அவை விருந்தாளி பார்த்த சிங்கப்பூர்.

இங்கே வாழ்கிறவர் பார்த்த சிங்கப்பூர் வேண்டுமென்றால், எரிக் கூ இயக்கிய 'மை மேஜிக்' (2008). குடிகார மாயாஜாலக் கலைஞன் ஒருவனும் அவன் மகனும். பெரும்பாலும் தமிழில் பேசும் இந்தப் படம்தான் கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டிக்குச் சென்ற முதல் சிங்கப்பூர்ப் படம். இது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும், ஆசிரியரே? வகுப்பில் சொல்லுங்கள். கே. ராஜகோபாலின் 'ஏ யெல்லோ பேர்ட்' (2016) அதே கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. சிறையிலிருந்து வெளியே வந்தவன் தன் குடும்பத்தைத் தேடி அலையும் கதை. பெரியவர்களுக்கான படம், மனத்தைப் பிசையும். பார்த்த அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்களுக்குத் திருமணமாகி ஓராண்டு. பிடிஓ வீட்டுக்காக, அதாவது பதிவு செய்தபின் கட்டித் தரும் அரசு வீட்டுக்காகக் காத்திருக்கிறோம். சேர்ந்து பார்க்க ஒரு படம்? – ஈசூனிலிருந்து ஒரு தம்பதி

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). வேறு யோசனையே வேண்டாம்.

ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் சென்னையில் ஒரு சின்ன வீடு கட்ட முயல்கிறாள். கடன், ஒப்பந்தக்காரர், சிமெண்ட், அனுமதி. இவ்வளவுதான் கதை. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. பாட்டு இல்லை, இளையராஜாவின் இசை மட்டும் உண்டு. அவளுடைய தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர். பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க அந்தக் கிழவர் ஒருநாள் தனியாகப் போவார். கூரை முடியவில்லை, பூச்சு இல்லை. ஒவ்வோர் அறையாக நடந்து, சுவரைக் கையால் தடவிப் பார்ப்பார். அவ்வளவுதான், வசனம் இல்லை. எங்களுக்குச் சாவி கிடைத்த நாளில், என் மாமனார் காலி வீட்டுக்குள் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போது பாகவதர்தான் நினைவுக்கு வந்தார். நீங்களும் சாவி வாங்கும்முன் ஒருமுறை, வாங்கியபின் ஒருமுறை பாருங்கள்.

தாதியாக வேலை பார்க்கிறேன். இரவுப் பணி முடிந்து வந்தால் தூக்கம் உடனே வராது. ஒரு நல்ல தொடர் சொல்லுங்கள். – பொங்கோலிலிருந்து

'சுழல்' என்ற குற்றப் புலனாய்வுத் தொடரின் முதல் பருவம், எட்டுப் பகுதிகள். புஷ்கர்–காயத்ரி எழுதியது, மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாட்களோடு கதை நகரும். ஆனால் இரவுப் பணி முடிந்த காலையில் பார்க்காதீர்கள் அம்மா, தூக்கம் போய்விடும். ஓய்வு நாளுக்கு வையுங்கள். தூங்கப் போகும்முன் என்றால் 'காதலிக்க நேரமில்லை'. நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை மட்டும் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள்.

உடன் வேலை பார்க்கும் சீனத் தோழி தமிழ்ப் படம் பார்க்க ஆசைப்படுகிறாள். சப்டைட்டிலை மறைக்கச் சொல்லும் நீங்கள் இதற்கு என்ன சொல்வீர்கள்? – செங்காங்கிலிருந்து

தோழிக்கு அந்த வரிகள்தான் பாலம், தாராளமாக இருக்கட்டும். '96' காட்டுங்கள். நாயகி ஜானு சிங்கப்பூரிலிருந்துதான் பள்ளித் தோழர்களைப் பார்க்கப் போகிறாள். இரவு முடிந்தால் இங்கே திரும்ப வேண்டும். தோழிக்கு அதுவே நெருக்கமாக இருக்கும். ஆனால் ஒரு வேலை உங்களுக்கு உண்டு. மின்சாரம் போன இருட்டில் ஜானு 'யமுனை ஆற்றிலே' பாடுவாள். பள்ளி நாட்களில் நாயகன் ராம் எத்தனையோ முறை கேட்டும் அவள் பாடாத பாட்டு. அது பழைய படப் பாட்டு என்பதும், கண்ணனுக்காகக் காத்திருக்கும் ராதையைப் பற்றியது என்பதும் நமக்குக் கேட்டவுடன் தெரியும். வரியில் அது வராது. படம் தொடங்கும்முன் அந்தப் பாட்டைத் தோழிக்கு ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.

பெரிய நடிகர் படங்களை நீங்கள் மதிப்பதில்லையா? – பெயர் எழுதாத ஒருவர்

மதிக்கிறேன். தீபாவளிப் படத்தை முதல் நாளே திரையரங்கில், கூட்டத்தோடு பார்ப்பேன். அந்தக் கைத்தட்டலும் விசிலும் படத்தின் ஒரு பகுதி. அதனாலேயே அந்தப் படங்களை வீட்டில் தனியாகப் பார்க்கும்படி யாருக்கும் சொல்வதில்லை.

பழைய படங்களைப் பெரிய திரையில் பார்க்க இங்கே இடம் உண்டா?

கேனிங் ரைஸில் தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்துக்குள் ஓல்டம் திரையரங்கு இருக்கிறது. ஆசியத் திரைப்படக் காப்பகம் நடத்துகிறது. பல நாட்டுப் பழைய படங்கள் வரும். நிகழ்ச்சி நிரலை மாதந்தோறும் பாருங்கள், தமிழ்ப் படம் வந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்தில் என்ன படம்?

'முள்ளும் மலரும்'. மகேந்திரன் பிறருக்கு வசனம் எழுதிப் பெயர் பெற்றவர். தானே முதன்முதலாக இயக்கியபோது பேச்சைக் குறைத்தார். மலையில் ஆட்களை ஏற்றி இறக்கும் விஞ்சு என்ற இழுவை இயந்திரத்தை இயக்கும் காளியாக ரஜினி. தங்கையின்மேல் உயிரையே வைத்திருக்கிறான், அதை ஒருநாளும் நேராகச் சொல்லத் தெரியாது. பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவுக்காகத் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிடுவோம். ஞாயிறு மாலை ஐந்து மணி. வருகிறவர்கள் ஆளுக்கொரு பாய் கொண்டுவாருங்கள், போன முறை நாற்காலி போதவில்லை.