கழுதை சாப்பிடவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்

"வண்டி இழுக்கும் கழுதை இரண்டு நாளாகச் சோர்ந்து நிற்கிறது, வயசானதாலா, டாக்டரைக் கூப்பிடணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூப்பிடுங்கள். இன்றைக்கே.

நான் டாக்டர் இல்லை. தென்னாப்பிரிக்காவில் மஹிகெங் பக்கம் தீவனமும் சிமெண்டும் விற்கிற ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆனால் என் தாத்தா சேரன்மகாதேவியில் துணி வெளுத்தவர், அழுக்கு மூட்டையை ஆற்றுக்குச் சுமந்தது எங்கள் வீட்டுக் கழுதைதான். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

எங்கள் கடைச் சரக்கைக் கிராமத்துக்குள் கொண்டு போவது ஒரு பெரியவரின் நாலு கழுதை வண்டி. இங்கே டாங்கி-கார் என்பார்கள். ஒரு ராத்திரி அதில் ஒன்றைத் திருடிவிட்டார்கள், தோலுக்காக. சீனாவில் அந்தத் தோலைக் காய்ச்சி எஜியாவ் என்று ஒரு மருந்து செய்கிறார்கள். தோலுக்காகக் கழுதையை அறுக்கக் கூடாது என்று ஆப்பிரிக்க ஒன்றியம் முடிவெடுத்தது 2024 பிப்ரவரியில்தான், எங்கள் கழுதை போனது அதற்கு முன்னாலேயே.

அதோடு எப்போதும் ஜோடியாக நிற்கிற பெட்டை மறுநாளிலிருந்து தலையைத் தொங்கப் போட்டது. பெரியவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வைக்கோலில் வாயை வைத்திருக்கிறது, உதடும் தாடையும் அசைகிறது. "தின்கிறதே, சரியாகிவிடும்" என்று சொன்னது நான்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் பார்த்தால் காலையில் போட்ட கட்டு அப்படியே கிடக்கிறது, அதன் பின்னால் காய்ந்த சாணி நாலே உருண்டை. தின்கிற மாதிரி வாயை மட்டும் அசைத்திருக்கிறது.

ஒரு கிளினிக்குக்குப் போன் செய்தேன், கழுதைக்கெல்லாம் வர மாட்டோம் என்று வைத்துவிட்டார்கள். அப்புறம் ஒண்டர்ஸ்டபோர்ட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து, அரசாங்கத்துக்குக் கட்டாய சேவை செய்யும் ஆண்டில் இருந்த ஒரு சின்னப் பெண் டாக்டர் வந்தார். ரத்தம் எடுத்துக் குழாயை நிறுத்தி வைத்தார். சிவப்பு அடியில் இறங்கியதும் மேலே தெளிவாக நிற்க வேண்டிய நீர் பால் மாதிரி வெள்ளையாக நின்றது. கழுதை பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் கரைந்து ரத்தத்தில் இறங்கிவிடுமாம், ஈரல் தாங்காதாம். மூக்கு வழியாகக் குழாய் விட்டு குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார். இரண்டு நாள் இருந்தது, போய்விட்டது.

குதிரைக்கு வயிறு வலித்தால் புரளும், கழுதை வெறுமனே நிற்கும், நிற்பதே வலிதான் என்றார் அவர். ஜோடி செத்துப்போனால் உடனே இழுத்துப் போகாமல் கொஞ்ச நேரம் மோந்து பார்க்க விட வேண்டும் என்றும் சொன்னார். எங்களுடையதற்கு அதுவும் கிடைக்கவில்லை.

மனுஷனுக்கே ஆஸ்பத்திரி இல்லாத ஊரில் கழுதைக்கு டாக்டரா என்று யாராவது வருவீர்கள், தெரியும். அந்த ஊரில் தண்ணீர் டிரம்மும் விறகும் வீட்டுக்கு வருவது அந்த வண்டியில்தான், பிரசவ வலி எடுத்த பெண்ணைத் தார் ரோடு வரைக்கும் கொண்டு போனதும் அதுதான். 1983-இல், நிறவெறி ஆட்சிக் காலத்தில் கறுப்பர்களுக்கென்று தனியாகப் பிரித்து வைத்திருந்த போபுத்தட்ஸ்வானாவின் அரசாங்கம் இந்தப் பக்கத்துக் கழுதைகளைச் சுட்டுத் தள்ளியது. பெரியவருக்கு அப்போது பதினெட்டு வயது. இன்னும் அதைப் பேசினால் குரல் தழுதழுக்கும்.

இதை ஜோகன்னஸ்பர்க்கில் நம்மவர்கள் கூடிய மாட்டுப் பொங்கலன்று சொன்னேன். மாட்டுக்கு மாலை போட்ட படத்தைக் கும்பிட்டவர்களே சிரித்தார்கள், "உங்க ஆளுங்க புத்தி அப்படியே இருக்கு" என்றார் ஒருத்தர். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். இத்தனை கடல் தாண்டி வந்தும் தாத்தாவின் தொழிலை வைத்துத்தான் என்னை எடை போடுகிறார்கள்.

சரி, உங்கள் கழுதைக்கு வருவோம். டாக்டர் வருகிற வரைக்கும் அதன் துணையைப் பக்கத்திலேயே கட்டுங்கள், வண்டியில் பூட்டாதீர்கள். பின்னால் எத்தனை உருண்டை சாணி கிடக்கிறது, வைக்கோல் குறைந்திருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.