சாக்ரடீசுக்குத் தண்டனை விதித்த நீதிபதி யார்?

ஐயா,

மேடைப் பேச்சுகளில் கேட்டுப் பழகிய சாக்ரடீஸ் கடவுளை மறுத்தவர். மதகுருமார்கள் சேர்ந்து அவரைக் கொன்றதாகவே நினைத்திருந்தேன். ஆனால் ஏதென்ஸ் மக்களாட்சி நாடு என்கிறார்கள். அப்படியென்றால் தீர்ப்புச் சொன்ன நீதிபதி யார்? தீர்ப்புக்குப் பிறகு ஏன் ஒரு மாதம் அவரைச் சிறையில் வைத்திருந்தார்கள்?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

நீதிபதி என்று யாரும் இல்லை. அரசு வழக்கறிஞரும் கிடையாது. இந்த மாதிரிக் குற்றத்துக்கு எந்தக் குடிமகனும் வழக்குப் போடலாம். கி.மு. 399இல் போட்டவர் மெலெட்டஸ். துணைக்கு அனிட்டஸ், லைக்கான். நகரம் ஏற்கும் தெய்வங்களை ஏற்கவில்லை, புதிய தெய்வ சக்திகளைப் புகுத்துகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார் என்பது குற்றச்சாட்டு. மனுவை வாங்கியவர் ‘அரச ஆர்க்கன்’. பட்டத்தில்தான் அரசர், குலுக்கலில் ஓராண்டுக்கு வந்த அதிகாரி. தீர்ப்பு பூசாரிகள் கையில் இல்லை.

தீர்ப்பு நடுவர்களுடையது. 30 வயது தாண்டிய 6,000 குடிமக்களை ஆண்டுதோறும் குலுக்கலில் எடுப்பார்கள். அவர்களில் சுமார் 500 பேர் இந்த வழக்குக்கு உட்கார்ந்தார்கள். நாள் படி 3 ஓபோல் காசு, அதாவது அரை டிராக்மா வெள்ளி நாணயம். இரு தரப்புக்கும் பேசும் நேரத்தை நீர்க்கடிகாரம் அளக்கும். ஏதென்ஸ் அகழாய்வில் கிடைத்த ஒரு மண்கடிகாரம் சுமார் 6.4 லிட்டர் கொள்ளும். 6 நிமிடத்தில் வடிந்துவிடும். பெரிய வழக்குகளுக்குப் பல முறை நிரப்ப வேண்டும். பேச்சு முடிந்ததும் நேரே வாக்கு. நடுவர்கள் கூடிப் பேசுவது இல்லை, மேல்முறையீடும் இல்லை, எல்லாம் ஒரே நாளில்.

முதல் வாக்கு குற்றவாளியா இல்லையா என்பதற்கு. 30 பேர் மாற்றிப் போட்டிருந்தால் விடுதலையாகியிருப்பேன் என்று சாக்ரடீஸ் சொன்னதாக அவர் சீடர் பிளேட்டோ எழுதுகிறார். ஏறக்குறைய 280க்கு 220 என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் உயிரைப் பறித்தது இரண்டாவது வாக்கு என்பேன். இந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் தண்டனை எழுதப்படவில்லை. வழக்குத் தொடுத்தவர் ஒன்று சொல்வார், குற்றவாளி இன்னொன்று சொல்வார், நடுவர்கள் இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். நடுவில் ஒன்றை அவர்களாக வைக்க முடியாது. மெலெட்டஸ் கேட்டது மரணம். விவரம் தெரிந்தவர் நாடுகடத்தல் என்று சொல்லித் தப்பியிருப்பார். சாக்ரடீசோ, ஒலிம்பிக் வெற்றியாளர்களுக்குப் போடுவதுபோல அரசு விருந்து மண்டபத்தில் தனக்கு இலவசச் சாப்பாடு போடுங்கள் என்றார்! பிறகு 1 மினா (100 டிராக்மா) அபராதம் என்றார். கடைசியில் பிளேட்டோவும் கிரீட்டோவும் மற்ற நண்பர்களும் பிணை நிற்க, 30 மினா. ஒரு நடுவரின் 6,000 நாள் படி அது, சின்னத் தொகையில்லை. ஆனால் அதற்குள் கடுப்பாகியிருந்த நடுவர் சபை மரணத்தையே தேர்ந்தது.

உள்ளே அரசியலும் இருந்தது. கி.மு. 404இல் மக்களாட்சியைக் கவிழ்த்த ‘முப்பதின்மர்’ ஆட்சியை நடத்திய கிரீட்டியாஸ், சாக்ரடீசுடன் பழகியவர். அனிட்டஸ் அந்த ஆட்சியை எதிர்த்து மக்களாட்சியை மீட்டவர்களில் ஒருவர். ஆனால் கி.மு. 403இல் அறிவித்த பொதுமன்னிப்பால் பழைய அரசியலை வைத்து வழக்குப் போட வழியில்லை. தெய்வநிந்தனை என்றால் தடையில்லை. அதனால்தான் வழக்கு இந்த வடிவில் வந்தது என்பது என் கணிப்பு.

கடவுள் மறுப்பாளர் என்ற பட்டமும் அவருக்குப் பொருந்தாது. ஊர் ஊராகப் போகாமல் ஏதென்ஸ் தெருவிலேயே ஆட்களை மடக்கிக் கேள்வி கேட்டதை, டெல்பி ஆலயத்தின் அருள்வாக்கு இட்ட பணி என்றே நீதிமன்றத்தில் சொன்னார். சாகும்போது கடைசியாகச் சொன்னது, நோய் தீர்க்கும் அஸ்கிலீபியஸ் தெய்வத்துக்கு ஒரு சேவல் கடன் இருக்கிறது, மறக்காமல் கொடுத்துவிடு என்பது.

அந்த ஒரு மாதத்துக்குக் காரணமும் ஒரு தெய்வம்தான். அப்பல்லோவுக்காக ஆண்டுதோறும் டீலோஸ் தீவுக்கு ஏதென்ஸ் ஒரு கப்பல் அனுப்பும். அது போய்த் திரும்பும்வரை நகரம் தூய்மையாக இருக்க வேண்டும், யாருக்கும் மரண தண்டனையை நிறைவேற்றக் கூடாது. கப்பலின் பின்புறத்துக்கு மாலை சூட்டியதும் அந்தத் தடை தொடங்கிவிடும்; விசாரணைக்கு முந்தைய நாள்தான் சூட்டியிருந்தார்கள். எதிர்காற்று அடித்தால் பயணம் இழுக்கும். 30 நாள் ஆனது என்கிறார் சாக்ரடீசின் இன்னொரு சீடர் செனபோன்.